செகண்ட் ஹேண்ட் பாக்ஸ்டர்: பழையதா, புதியதா?

ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு போர்ஷே பாக்ஸ்டர் எஸ் கார்கள் விற்பனைக்கு நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 2003 மாடல். ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் தோல் தேய்ந்திருக்கிறது, டேஷ்போர்டு பட்டன்களில் பூச்சு உரிந்திருக்கிறது. ஆனால் வாங்கிய நாள் முதலான சர்வீஸ் பில்கள் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. மற்றது 2007 மாடல். பளபளவென்று இருக்கிறது, கேபினும் ஒரு படி மேல், பில்களில் மட்டும் பாதியைக் காணோம். "இது அடுத்த தலைமுறை சார், பழைய கோளாறெல்லாம் இதில் கிடையாது" என்கிறார் விற்பவர். வாங்க வருகிறவர்களில் பலர் இரண்டாவது காரைத்தான் கேட்பார்கள். நானாக இருந்தால் முதல் காரைத்தான் முதலில் லிஃப்டில் ஏற்றச் சொல்வேன்.

பாக்ஸ்டருக்கு உடம்பு மாறிய ஆண்டு ஒன்று, இன்ஜின் மாறிய ஆண்டு வேறொன்று. 2005-இல் 986 என்ற முதல் தலைமுறை போய் 987 வந்தது. விளக்கும் கேபினும் கதவும் மாறின, இன்ஜின் குடும்பம் மாறவில்லை. 2009-இல் அதே 987 உடம்புக்குள் அடியோடு புதிய இன்ஜின் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் விளக்கும் பம்பரும் மட்டுமே கொஞ்சம் வேறு. விளம்பரங்கள் முதல் மாற்றத்தைத்தான் உரக்கச் சொல்கின்றன. வாங்குபவரின் பணம் தப்புவதும் தப்பாததும் இரண்டாவது மாற்றத்தைப் பொறுத்தது. பழையது, புதியது என்று கோடு கிழிப்பதானால் அதை 2009-இல் கிழிக்க வேண்டும்.

இந்தியாவில் பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேல் பழைய காரை இறக்குமதி செய்ய முடியாது. ஆகவே இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் பிரிட்டன், ஜெர்மனி, கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கார் தேடுகிறவர்களுக்கு. அங்கே ஒரு சாதாரண புதுக் காரின் விலைக்கும் குறைவாகவே பழைய பாக்ஸ்டர் கிடைக்கும். அந்த விலைதான் ஆசையைக் கிளப்புகிறது. ஆனால் வாங்கும் விலை இறங்கினாலும் உதிரிபாக விலையும் கூலியும் போர்ஷே விலையாகவே நிற்கின்றன.

இந்தக் கார் பிறந்த சூழலைத் தெரிந்துகொண்டால் அதன் குறைகளும் புரியும். 1990-களின் தொடக்கத்தில் போர்ஷே நிறுவனம் மூழ்கும் நிலையில் இருந்தது. 911 பழசாகிவிட்டது; முன்னால் இன்ஜின் வைத்த 968-உம் 928-உம் விற்கவில்லை. 1993 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் பாக்ஸ்டரின் மாதிரியை வைத்தார்கள். வெளித்தோற்றம் கிரான்ட் லார்சன் வரைந்தது. பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். அப்போது தலைமைக்கு வந்திருந்த வென்டலின் வீடகிங், டொயோட்டா முறையில் தேர்ந்த ஜப்பானிய ஆலோசகர்களை வரவழைத்து உற்பத்திச் செலவைக் குறைத்தார். பாக்ஸ்டரும் அடுத்த 911 ஆன 996-உம் ஒரே நேரத்தில் உருவாயின. இரண்டுக்கும் ஒரே முன்பகுதி, ஒரே கதவு, ஒரே இன்ஜின் குடும்பம். அந்தக் குடும்பத்தின் பெயர் எம்96. தண்ணீரால் குளிரும், படுத்த நிலையில் ஆறு சிலிண்டர்கள் கொண்ட இன்ஜின். நிறுவனத்தைக் காப்பாற்றியது அதுதான். செலவைக் குறைத்து வடிவமைத்த இடங்கள் அதற்குள்ளே இருந்ததும் உண்மைதான்.

1996-இல் விற்பனைக்கு வந்த 986-இல் 2.5 லிட்டர், 204 குதிரைத்திறன். 2000 மாடலில் 2.7 லிட்டராகி 220 ஆனது, கூடவே 3.2 லிட்டர், 252 குதிரைத்திறனோடு பாக்ஸ்டர் எஸ் வந்தது. 2003-இல் சிறு மெருகு: 228, 260. 987 வந்தபோது 240, 280. 2007-இல் சாதாரண மாடல் 245 ஆனது, எஸ் மாடல் 3.4 லிட்டராகி 295-ஐத் தொட்டது. எண்கள் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து மயங்க வேண்டாம். 1,250 கிலோ எடையுள்ள முதல் பாக்ஸ்டரில் 204 குதிரைத்திறன் என்பது வளைந்து நெளியும் மலைப்பாதைக்குத் தாராளம்.

இனி, பாக்ஸ்டர் வாங்க நினைக்கும் எவரும் முதல் நாளே கேள்விப்படும் விஷயம்: ஐ.எம்.எஸ் பேரிங். எம்96 இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் நேரடியாக கேம் ஷாஃப்டுகளைச் சுழற்றாது. நடுவில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒரு தண்டு உண்டு. கிராங்க் அதைச் சுழற்றும். அதிலிருந்து செயின்கள் கேம் ஷாஃப்டுகளுக்குப் போகும். அந்தத் தண்டின் ஒரு முனையைத் தாங்குவது ஒரு குண்டு பேரிங். சைக்கிள் சக்கரத்தின் அச்சில் கிரீஸ் பூசிய குண்டுகள் இருக்குமே, வேலை அதே வேலைதான். பேரிங்கின் இரு பக்கமும் சீல் போட்டு உள்ளே கிரீஸ் அடைத்திருக்கிறார்கள். சூட்டிலும் ஆயிலிலும் பல ஆண்டு கிடந்து சீல் தளர்கிறது. கிரீஸ் கரைந்து வெளியேறுகிறது. உள்ளே புகும் கொஞ்ச ஆயில் புதுப்படாமல் அங்கேயே தேங்கிக் கெடுகிறது. குண்டுகள் தேய்கின்றன. ஒரு நாள் பேரிங் உடைந்தால் தண்டு ஆட, செயின் நழுவ, வால்வுகள் பிஸ்டனில் போய் மோதுகின்றன. அதோடு இன்ஜின் முடிந்தது. பல நேரங்களில் முன்னெச்சரிக்கை எதுவும் கிடைக்காது.

எல்லா ஆண்டு இன்ஜினிலும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. 1997 முதல் 1999 வரையிலான கார்களில் இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் இருந்தது, அது திடமானது. 2000, 2001 கார்களில் இரண்டு வகையும் கலந்து வந்தன. அதன்பின் 2005 வரை ஒற்றை வரிசை. தொல்லை பெரும்பாலும் இதில்தான். 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களுக்காக அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2013-இல் அது சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கையொட்டி அதிகம் பேசப்பட்ட கணக்கு இது: இரட்டை வரிசை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழ், ஒற்றை வரிசை நூற்றுக்கு எட்டு வரை. அதாவது ஒற்றை வரிசைக் கார்களிலும் பெரும்பாலானவை உடையவே இல்லை. ஆனால் உடைந்தால் காரின் விலைக்கு இணையான செலவு என்பதால் நூற்றுக்கு எட்டு என்பது அலட்சியப்படுத்தும் எண்ணிக்கை இல்லை.

2006 முதல் 2008 வரை பெரிய ஒற்றை வரிசைப் பேரிங் போட்டார்கள். அது அரிதாகவே உடைகிறது; ஆனால் மாற்ற வேண்டுமானால் இன்ஜினையே இரண்டாகப் பிளக்க வேண்டும். கவனிக்க வேண்டியது, 2005-இல் வந்த முதல் 987 கார்கள் சிலவற்றில் பழைய சிறிய பேரிங்கே இருக்கிறது. புது உடம்பு, பழைய வலி. எந்த வகை என்பதை அறிய கியர்பாக்ஸைக் கழற்றி, ஃப்ளைவீலுக்குப் பின்னாலுள்ள மூடியைக் கண்ணால் பார்ப்பதுதான் உறுதியான வழி.

சிறிய பேரிங்குக்கு மருந்து உண்டு என்பது நல்ல செய்தி. கிளட்ச் மாற்றும்போது கியர்பாக்ஸை எப்படியும் இறக்குவார்கள். அப்போதே பழைய பேரிங்கை இழுத்து எடுத்துவிட்டு, செராமிக் குண்டுகள் கொண்ட பேரிங்கோ, ஆயில் அழுத்தத்தில் மிதக்கும் குண்டில்லாத வகையோ போட்டுவிடலாம். அமெரிக்காவின் எல்.என் இன்ஜினீயரிங் போன்றவர்கள் இதற்கென்றே தொகுப்புகள் விற்கிறார்கள். கிராங்கின் பின்புற ஆயில் சீல் கசிவதும் இந்தக் கார்களுக்குப் பழக்கம். அதையும் அதே கையோடு மாற்றிவிடுவார்கள். ஆகவே 2003 காரின் ஃபைலில், கிளட்ச் மாற்றிய பில்லில் பேரிங்கின் பெயரும் இருந்தால், அந்த ஒரு தாளுக்கு அடுத்த காரின் பளபளப்பைவிட மதிப்பு அதிகம்.

பேரிங் பற்றிய பயம் இவ்வளவு பரவியதில் இன்னொரு ஆபத்து மறைந்துகிடக்கிறது. 2007, 2008-இன் 3.4 லிட்டர் எஸ் கார்களை வாங்குபவர்கள் "பேரிங் பெரியது, கவலையில்லை" என்று நிம்மதியாகப் போகிறார்கள். அந்த இன்ஜினின் பலவீனம் சிலிண்டரில் இருக்கிறது. இதன் சிலிண்டர் சுவர்களில் இரும்பு உறை கிடையாது. அலுமினியத்தில் சிலிக்கான் துகள்களைப் பதித்த சுவர். பிஸ்டனின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய இரும்புப் பூச்சு. அந்தப் பூச்சு தேய்ந்துவிட்டால் அலுமினியம் அலுமினியத்தோடு உரசும். சிலிக்கான் துகள்கள் பெயர்ந்து, சுவரில் நீளநீளமாகக் கீறல் விழும். குளிர் நாடுகளில், கார் சூடேறும் முன்பே கடைக்குப் போய் அணைத்து, மறுபடி கிளப்பி வீட்டுக்கு வந்து அணைக்கும் ஓட்டத்தில் இது விரைவாக நடக்கிறது. குளிர்ந்த இன்ஜினில் கூடுதலாகப் பாயும் பெட்ரோல், சுவரில் படிந்த ஆயிலைக் கழுவிவிடுகிறது.

அறிகுறிகள்: குளிரில் கிளப்பியதும் ஒரு பக்கத்திலிருந்து டிக் டிக் என்று தட்டும் ஓசை, ஆயில் குறைந்துகொண்டே போவது, புகைக்குழாயில் கரி. 2.7 லிட்டர் கார்களில் இது குறைவு. ஆகவே 2005 முதல் 2008 வரையிலான 987 வாங்கியே தீர வேண்டும் என்றால், அதிக சக்தி உள்ள எஸ் மாடலைவிடச் சாதாரண 2.7 பாதுகாப்பான பந்தயம். இதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். பின்பக்கத்தில் எஸ் என்ற எழுத்து இல்லாத பாக்ஸ்டர் அவர்களுக்கு அரைப் பாக்ஸ்டர். ஆனால் 240 அல்லது 245 குதிரைத்திறனும் கையில் மிஞ்சும் பணமும் சேர்ந்தால் அந்தக் குறை தெரியவே தெரியாது.

முதல் 986-கள் மட்டும் பரிசுத்தம் என்றும் எண்ண வேண்டாம். 1997, 1998-இன் 2.5 லிட்டர் இன்ஜின்களில் சிலவற்றின் வார்ப்பு நுண்துளைகளோடு வந்ததால், தொழிற்சாலையிலேயே சிலிண்டருக்கு உறை செருகி அனுப்பினார்கள். அப்படிச் செருகிய உறைகள் சில பின்னாளில் நழுவின. இன்று வரை ஓடிக்கொண்டிருக்கும் 2.5 இன்ஜின் அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இப்போது 2009. அந்த ஆண்டு வந்த 9ஏ1 குடும்ப இன்ஜினில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்ற தண்டே கிடையாது. தண்டு இல்லாததால் பேரிங் இல்லை, பேரிங்கைப் பற்றிய தூக்கமற்ற இரவும் இல்லை. சிலிண்டர் சுவரின் உலோகக் கலவையும் மாறியது. கீறல் விழுவது வெகுவாகக் குறைந்தது. சாதாரண மாடல் 2.9 லிட்டர், 255 குதிரைத்திறன், எஸ் 3.4 லிட்டர், 310. எஸ்ஸில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அதற்கு உயர் அழுத்த பம்ப் தேவை. வால்வுகளில் கரி படிவதற்கும் வழி உண்டு. 2.9-இல் பழைய முறையிலேயே வால்வுக்கு முன்னால் பெட்ரோல் விழுகிறது. கெட்டுப்போக ஒரு பொருள் குறைவு. பழைய ஐந்து கியர் டிப்டிரானிக் ஆட்டோமேட்டிக் போய், இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர் பிடிகே வந்ததும் அப்போதுதான். வேகத்தில் டிப்டிரானிக் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் பிடிகே பழுதானால் செலவு மலைக்க வைக்கும். மேனுவல் கியர் பிடிக்கும் என்றால் அதையே தேடுங்கள். விற்கும்போதும் அதற்குத்தான் கிராக்கி.

இங்கே ஒரு முன்னெச்சரிக்கை. 2009-இல் பதிவான கார் எல்லாம் 2009 மாடல் ஆகிவிடாது. ஷோரூமில் மிஞ்சிய 2008 கார்களும் அந்த ஆண்டில் பதிவாகியிருக்கின்றன. சேஸிஸ் எண்ணின் பத்தாவது எழுத்தைப் பாருங்கள். 8 என்றால் பழைய இன்ஜின், 9 என்றால் புதியது. பதினோராவது எழுத்து தொழிற்சாலையைச் சொல்லும்: எஸ் என்றால் ஸ்டுட்கார்ட், யு என்றால் பின்லாந்தின் உசிகௌபுங்கி. தேவை அதிகமானதால் 1997 முதல் அங்கேயும் வால்மெட் நிறுவனத்திடம் கொடுத்துத் தயாரித்தார்கள். ஜெர்மனியில் பிறந்ததுதான் உசத்தி என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரை நம்ப வேண்டாம்; தரத்தில் வித்தியாசம் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் 986-ஐத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் சாலையில் இருக்கும் ஒவ்வொரு சிறு சொரசொரப்பும் உள்ளங்கைக்கு வருகிறது. 986, 987 இரண்டிலும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்தான். 2012-இல் வந்த 981 முதல் மின்சார ஸ்டீயரிங். அது துல்லியமானது, ஆனால் பேசாது. 986-இன் கண்ணாடிக்கு வெளியே பார்வை தாராளம், கார் அகலம் குறைவு, குறுகலான கிராமத்துச் சாலையில் பயமில்லாமல் விரட்டலாம். முட்டைப் பொரியல் விளக்கு என்று அன்று கேலி செய்யப்பட்ட முகப்பு விளக்குகள்கூட இப்போது கண்ணுக்குப் பழகிவிட்டன.

2002 வரையிலான கார்களில் கூரையின் பின்ஜன்னல் பிளாஸ்டிக். குளிர்காலையில் கூரையை மடக்கினால் பிளாஸ்டிக் விறைத்து, மடிப்பு விழும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும். பிறகு அதே கோட்டில் கிழியும். விவரம் தெரிந்தவர்கள் கூரை பாதி மடங்கும்போது பட்டனை விட்டுவிட்டு இறங்கி, ஜன்னலின் நடுவில் கையால் மெல்லத் தட்டி உள்பக்கமாக வளைத்துவிட்டு, மீண்டும் பட்டனை அழுத்துவார்கள். விற்பவரிடம் கூரையை மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். அவர் தானாக இறங்கிப் போய் அந்தத் தட்டலைத் தட்டினால், இந்தக் காரை அறிந்தவரிடம்தான் வந்திருக்கிறீர்கள். 2003-இல் கண்ணாடி ஜன்னல் வந்து இந்த வேலை ஒழிந்தது. 986-இல் எதை வாங்கலாம் என்று கேட்டால் 2003, 2004 கார்களை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூரையின் பின்மூலைகளில் மழைநீர் வடிய துளைகள் உண்டு. மரத்தடியில் நிறுத்தும் கார்களில் இலைதழை அங்கே அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வழிந்து கேபினுக்குள் இறங்கி, கம்பளத்தை நனைத்து, இருக்கைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அலாரம் கட்டுப்பாட்டுப் பெட்டியை மூழ்கடிக்கும். பிறகு சாவியைக் காருக்கு அடையாளம் தெரியாது. காரைப் பார்க்கப் போனால் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுக் கம்பளத்தை அமுக்கிப் பாருங்கள். ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் கேள்விகளை அங்கிருந்தே தொடங்கலாம்.

பானெட்டைத் திறந்தால் இன்ஜின் இருக்காது. அங்கே ஒரு டிக்கி. பின்னாலும் ஒரு டிக்கி. அதில் ஆயில் ஊற்றும் மூடியும் கூலன்ட் மூடியும் தெரியும், அவ்வளவுதான். இன்ஜின் இரண்டுக்கும் நடுவே, இருக்கைகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. எடை நடுவில் இருப்பதால்தான் கார் வளைவில் இப்படித் திரும்புகிறது. அதனால்தான் மெக்கானிக்கின் கூலியும் ஏறுகிறது. ரேடியேட்டர்களோ முன் பம்பரின் இரு ஓரங்களில் இருக்கின்றன. எஸ் மாடலில் நடுவிலும் ஒன்று. காற்று புகும் வாய்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே மட்கிய இலைகள் ஒட்டிக் கிடந்தால், அவற்றின் ஈரத்தில் ஏ.சி கண்டென்சரும் ரேடியேட்டரும் அரித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். பின் டிக்கியில் இருக்கும் கூலன்ட் தொட்டியில் விரிசல் விழுவதும், கிளப்பியதும் வெள்ளைப் புகை மூட்டமாய் வந்தால் ஆயில் ஆவியைப் பிரிக்கும் பெட்டி கிழிந்திருப்பதும் வழக்கமானவை. பயப்பட வேண்டிய பழுதுகள் இல்லை; விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

எது வாங்கினாலும் போர்ஷே வேலையே பார்க்கும் தனி மெக்கானிக் ஒருவரிடம் காசு கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். விற்பவர் காட்டும் கடையில் வேண்டாம். அவரிடம் மூன்று விஷயங்களைக் கட்டாயம் கேட்க வேண்டும். முதலாவது ஆயில் ஃபில்டர். அதைக் கழற்றி, மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளைக் கத்தியால் அறுத்து, வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். கறுப்பு பிளாஸ்டிக் துணுக்கு ஓரிரண்டு இருந்தால் செயின் உரசும் பட்டையிலிருந்து வந்திருக்கலாம். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பான பொடி இருந்தால் அது பேரிங்கின் எஃகு. அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு சின்னக் கேமராவை உள்ளே விட்டு சிலிண்டர் சுவரைப் பார்ப்பது. கீறல் பெரும்பாலும் நான்கு, ஐந்து, ஆறாம் சிலிண்டர்கள் இருக்கும் பக்கத்தில்தான் முதலில் விழும். 3.4 லிட்டர் 987 என்றால் இதைச் செய்யாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் அதிவேகச் சுழற்சிக் கணக்கு. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எல்லைக்கு மேல் இன்ஜின் சுழலாதபடி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஆனால் மேனுவல் காரில் ஐந்திலிருந்து நான்குக்குப் போக வேண்டியவர் பதற்றத்தில் இரண்டில் தள்ளிவிட்டால், சக்கரங்கள் இன்ஜினை வலுக்கட்டாயமாகச் சுழற்றிவிடும். கம்ப்யூட்டர் ஒன்றும் செய்ய முடியாது, குறித்துக்கொள்ள மட்டும் முடியும். இன்ஜின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் அது நடந்தது என்றும் பதிவு இருக்கும். பல நூறு மணி நேரத்துக்கு முன் ஒரு முறை என்றால் மன்னிக்கலாம். போன மாதம் என்றால் முடியாது.

பிரிட்டனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி தகுதிச் சோதனையின் முடிவுகளை, காரின் பதிவு எண்ணைக் கொடுத்து அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு ஆண்டும் எத்தனை மைல் ஓடியது, எந்த ஸ்பிரிங் உடைந்தது, டயர் எவ்வளவு தேய்ந்தது எல்லாம் வரும். இதைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: ஆண்டுக்கு 500 மைல் மட்டும் ஓடிய கார் நல்ல கார் என்று முடிவுகட்டாதீர்கள். நின்றே கிடந்த காரில் சீல்கள் காய்கின்றன, ஆயிலில் ஈரம் சேர்கிறது, டயர் ஓட்டமில்லாமலே கெட்டியாகிறது. பேரிங் உடைந்த கார்களிலும் இப்படி அதிகம் ஓடாதவை நிறைய என்று இந்த இன்ஜின்களைத் திறப்பவர்கள் சொல்கிறார்கள். ஒரு லட்சம் மைல் ஓடி, போர்ஷே சொன்ன நீண்ட இடைவெளிக்குக் காத்திராமல் 5,000 மைலுக்கு ஒரு முறை ஆயில் மாற்றிய கார் என் கண்ணுக்கு இளமையானது.

981-ஐயும் 718-ஐயும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அவற்றில் புதிர் குறைவு. 2012-இன் 981 அழகிலும் கேபினிலும் ஒரு தாவல். கூரையும் கொக்கியைக் கையால் திறக்கும் வேலையின்றி முழுக்க மின்சாரத்தில் மடங்கும். 2.7 லிட்டர் 265, எஸ் 315. இரண்டும் டர்போ இல்லாத ஆறு சிலிண்டர், இரண்டும் நம்பகமானவை. தினமும் வேலைக்கு எடுத்துப் போகும் ஒரே கார் இதுதான் என்றால், கூடுதல் பணம் போட்டு இதற்கே போய்விடுங்கள். 2016-இல் வந்த 718, நான்கு சிலிண்டர் டர்போ. 2 லிட்டரிலேயே 300 குதிரைத்திறன், எஸ்ஸில் 350. முந்தைய எந்தச் சாதாரண பாக்ஸ்டரைவிடவும் வேகம். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஆறு சிலிண்டர் ஏறி இறங்கும் அந்த ஓசைக்காகவே பாக்ஸ்டர் வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இது ஏமாற்றம். போர்ஷேவும் அதைக் கேட்டுத்தானோ என்னவோ, சில ஆண்டுகளில் 4 லிட்டர் ஆறு சிலிண்டரோடு 400 குதிரைத்திறன் ஜி.டி.எஸ்ஸைக் கொண்டுவந்தது. அதன் விலை, இந்தக் கட்டுரையில் பேசும் கார்களிலிருந்து வெகுதூரம்.

அப்படியானால் யாருக்கு எது? கையில் இருக்கும் பணம் முழுவதும் காரை வாங்குவதற்கே சரியாகிவிடும் என்றால், 2009 முதல் 2012 வரையிலான 2.9 லிட்டர் மேனுவல் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம். அதுவும் எட்டவில்லை என்றால் இன்னும் ஓராண்டு சேமிப்பது மேல். மலிவான 986-ஐ வாங்கிவிட்டு, கிளட்சுக்கும் கூலன்டுக்கும் கடன் வாங்குகிறவர்கள்தான் கடைசியில் பாதி பிரித்த காரை விளம்பரம் செய்கிறார்கள். கார் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது தனியே ஒதுக்கிவைக்க முடியும், சனிக்கிழமை கையில் கிரீஸ் படிவதில் சந்தோஷம் உண்டு, வீட்டில் இன்னொரு காரும் இருக்கிறது என்பவருக்கு 986 போன்ற பொருள் இந்த விலையில் உலகில் வேறில்லை. பேரிங் மாற்றிய பில்லோடு வரும் 2003 அல்லது 2004 எஸ், அல்லது இரட்டை வரிசைப் பேரிங் உள்ள 1999-இன் 2.5. நடுவில் இருக்கும் 2005–2008 கார்களை மட்டும் தோற்றத்தைப் பார்த்து வாங்காதீர்கள். அவற்றுக்குச் சோதனைச் சீட்டு இல்லாமல் விலையே பேசக் கூடாது.

காலமும் முக்கியம். கூரை திறக்கும் காருக்கு வெயில் தொடங்கும் ஏப்ரலில் ஆள் கூடும், விலையும் கூடும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விற்பவர்தான் காத்திருப்பார். குளிரில் இன்ஜினைக் கிளப்பிக் கேட்பதற்கும் அதுவே ஏற்ற காலம். நேரம் குறித்துக்கொண்டு போங்கள், "நான் வரும்வரை கிளப்பாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். புகைக்குழாய் சூடாக இருந்தால், எதை மறைக்க முன்னதாகவே ஓட்டிச் சூடேற்றினார் என்று அவரிடமே கேட்டுவிடலாம்.